ஒரு கிலோ வாங்கினோம், பாதி வண்டுக்குப் போச்சு!
வாசகர் கேள்வி – பதில்: சிறுதானியச் சிறப்புப் பகுதி

சிறுதானியம் பற்றி வந்த கடிதங்களை வகை பிரித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. "இது உடம்புக்கு நல்லதா?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாங்கியும் இருக்கிறார்கள். இரண்டாவது மாதம் ஏன் நின்றுபோனது என்பதுதான் கடிதங்களில் இருக்கும் கேள்வி. அதனால் இந்த முறை சத்துப் பட்டியலைக் குறைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் அதிகம் பேசுகிறோம்.

கே: கணவருக்குச் சர்க்கரை என்றதும் சாமை, தினை, வரகு, குதிரைவாலி நாலிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினேன். சோறாக வடித்தால் முதல் வாய் நன்றாக இருக்கிறது. நாலாவது வாயில் தொண்டையை அடைக்கிறது. ஊற்றிய சாம்பார் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். மற்ற வீடுகளில் எப்படித்தான் சாப்பிடுகிறார்கள்?
– வாசகி, நங்கநல்லூர்

ப: பல வீடுகளில் உங்களைப் போலவேதான் தொடங்குகிறார்கள், உங்களைப் போலவேதான் நிறுத்துகிறார்கள். தப்பு தானியத்தில் இல்லை. நுழைந்த வாசலில் இருக்கிறது. மத்தியானம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை பிசையும் வெள்ளைச் சோற்றின் இடம்தான் சிறுதானியத்துக்கு இருப்பதிலேயே கடினமான இடம். எல்லோரும் முதல் நாளே அதில் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள்.

காரணம் எளிது. பொன்னி அரிசிப் பருக்கையோடு ஒப்பிட்டால் சாமை மணி மிகச் சிறியது. மணி சிறுக்கச் சிறுக்க, அதே ஒரு கரண்டிச் சோற்றில் குழம்பைத் தொடும் பரப்பு கூடும். வெந்த பிறகும் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆறியதும் மாவுச்சத்து இறுகி மணி மணியாகப் பிரியும். தொண்டையில் அடைப்பது இதுதான்.

முதல் இரண்டு வாரம் சோறே வடிக்காதீர்கள். குழைவாகவோ தாளித்தோ செய்யும் பண்டங்களில் தொடங்குங்கள்:

பொங்கல்: தினை அல்லது சாமை 1 கப், வறுத்த பாசிப்பருப்பு அரை கப், தண்ணீர் நாலரை கப். குக்கரில் 4 விசில். திறந்ததும் சூட்டோடு மசித்து, மிளகு சீரகம் தாளித்துக் கொட்டுங்கள். அரிசிப் பொங்கலுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம்.

உப்புமா: வரகரிசி 1 கப்பைக் கழுவி வடித்து, ஈரம் போக வெறும் கடாயில் 3 நிமிடம் வறுத்து, தாளிப்பில் 2 கப் தண்ணீர் கொதிக்கும்போது கொட்டி, மூடி, சிறு தீயில் 10 நிமிடம். அணைத்த பிறகு இன்னும் 10 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்து கிளறினால் மேலே விறைப்பாகவும் அடியில் களியாகவும் நிற்கும்.

இவை இரண்டும் பழகிய பிறகு சோற்றுக்கு வாருங்கள். அதற்குச் சாமையை எடுங்கள். நாலில் அதுதான் அரிசிக்கு மிக நெருக்கம். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டேகால் தண்ணீர், குக்கரில் 2 விசில், ஆவி தானாக அடங்க வேண்டும். குழம்பு கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும். பிசைந்து வைத்துவிட்டு அப்பளம் பொரிக்கப் போகாதீர்கள். பிசைந்தால் உடனே சாப்பிட வேண்டிய சோறு இது. வற்றல் குழம்பு, மோர்க்குழம்பு இரண்டும் சாம்பாரைவிட நன்றாகச் சேரும்.

இன்னொன்று: நாலு வகையை ஒரே நேரத்தில் வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் அளவு வேறு. கை பழகுவதற்குள் சலித்துவிடும். ஒன்றை மட்டும் அரை கிலோ வாங்கி, தீர்ந்த பிறகு அடுத்தது.

கே: அலுவலகத்துக்குக் குதிரைவாலித் தயிர்சாதம் கொண்டுபோகிறேன். ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தால் கேக் மாதிரி வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.
– வாசகர், கோவை

ப: காலையில் அது கஞ்சி போலத் தெரிய வேண்டும், அப்போதுதான் மத்தியானம் தயிர்சாதமாக இருக்கும். 1 கப்புக்கு 3 கப் தண்ணீர் விட்டு வேகவைத்து, சூடு குறைவதற்குள் மத்தால் மசித்து, அரை கப் காய்ச்சிய பாலும் ஒரு ஸ்பூன் வெண்ணெயும் சேருங்கள். வெதுவெதுப்பான பிறகே தயிர், அதுவும் கால் கப் போதும். சூட்டில் தயிர் விட்டால் திரிந்து நீர் பிரியும். எல்லாவற்றையும் தயிராகவே விட்டால் புளித்துவிடும். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சின்ன பாட்டில் மோர் இருந்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

கே: ஒரு காலத்தில் இல்லாதவர்கள் சாப்பாடு என்றார்கள். இப்போது கடையில் சாமை விலையைக் கேட்டால் நல்ல பொன்னியைவிட அதிகம். இது நியாயமா, இல்லை 'ஆர்கானிக்' என்று பெயர் ஒட்டியதற்கான விலையா?
– வாசகர், மதுரை

ப: இரண்டும் கலந்தது. ஆனால் நியாயமான பங்கு நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் மனிதக் குடலில் செரிக்காத உமி உண்டு. 100 கிலோ சாமையைக் குத்தினால் அரிசியாகக் கிடைப்பது சுமார் 60, 65 கிலோதான். வரகுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குத் தோல்; அதை உரிப்பது இன்னும் பாடு. நெல் ஆலையில் இதைப் போட முடியாது; மணியின் அளவு வேறு, அதற்கென்று தனி இயந்திரம் வேண்டும். மலையிலும் மானாவாரி நிலத்திலும் விளைவதால் ஒரே ஊரில் லாரி நிறையச் சரக்கு சேராது. சின்னச் சின்ன மூட்டையாக வந்து, உமி நீக்கி, கல் நீக்கி, இரண்டு மூன்று கை மாறி நகரத்துக்கு வருகிறது. வாங்குகிறவர் குறைவு என்பதால் கடைக்காரர் பழையதாகிப் போகும் சரக்கின் நட்டத்தையும் விலையில் ஏற்றிவிடுவார்.

எதிர்ப்பக்கம் அரிசியைப் பாருங்கள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி' என்று வாக்குறுதியாக வந்தது, 2008-ல் கிலோ ஒரு ரூபாயாகி, 2011 ஜூனிலிருந்து ரேஷனில் விலையில்லாமலே கிடைக்கிறது. பசி தீர்த்த திட்டம் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலவசமாக வரும் ஒன்றோடு சாமை விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். சென்னைக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் அந்த வாய்ப்பு வந்தால் கணக்கே மாறும்.

பட்ஜெட் கையைக் கடித்தால் கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றோடு நில்லுங்கள். இவற்றுக்கு உரிக்க வேண்டிய உமி இல்லை. அதனாலேயே விலை எப்போதும் குறைவு. சத்திலும் இவை மட்டமில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 364 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 7, 8 மில்லிகிராம். கம்பில் இரும்புச்சத்து 6.4 மில்லிகிராம், அரிசியில் ஒன்றுகூட இல்லை. விலை அதிகமானதுதான் சத்து அதிகமானது என்ற எண்ணத்தைக் கடை அலமாரிதான் உண்டாக்கியிருக்கிறது.

கே: கல்! இரண்டு முறை கடித்த பிறகு வீட்டில் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

ப: சலித்தால் போகாது. கல்லும் மணியும் ஒரே அளவு; சல்லடைக்கு இரண்டும் ஒன்றுதான். எடையில்தான் பிரிக்க முடியும், அதாவது அரிக்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரம் இரண்டு. ஒன்றில் தானியமும் அதற்கு மூன்று பங்கு தண்ணீரும். பாத்திரத்தைச் சற்றே சாய்த்து, வட்டமாக ஆட்டிக்கொண்டே, தண்ணீரோடு மிதந்து வருவதை மட்டும் அடுத்த பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அடியில் ஒரு ஸ்பூன் அளவு நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு ஸ்பூனைக் கொட்டிவிடலாம். அதைக் காப்பாற்றப் போய்த்தான் கல் பல்லுக்கு வருகிறது. தண்ணீரை மாற்றி மறுபடி ஒருமுறை. ஊறவைத்த பிறகு அரிக்காதீர்கள், ஊறிய மணி கனத்து அடியில் தங்கிவிடும். ஊறும் முன்பே அரியுங்கள். பாக்கெட்டில் 'கல் நீக்கியது' என்று போட்டிருந்தாலும் முதல் தடவை அரித்துப் பார்த்து, கல் விழவில்லை என்றால் அடுத்த முறை அந்தச் சரக்குக்குச் சலுகை கொடுக்கலாம்.

கே: ஒரு மாதத்தில் வண்டு வந்துவிடுகிறது. மருந்து அடிக்காத நல்ல தானியம் என்பதற்கு அதுவே அடையாளம் என்று கடைக்காரர் சொல்கிறார்.
– வாசகி, வேளச்சேரி

ப: நல்ல வியாபாரி! வண்டு வந்தது பழைய சரக்கு என்பதற்கோ, ஈரம் போகாத சரக்கு என்பதற்கோ அடையாளமாக இருக்கலாம். 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) தர விதி 15 வகைச் சிறுதானியங்களுக்குப் பொருந்தும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வண்டு துளைத்த மணிக்கும் உச்சவரம்பு உண்டு.

உமி நீக்கிய மணியில் தவிடும் அதன் எண்ணெயும் வெளியே தெரிகின்றன. பூச்சிக்கும் பிடிக்கும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும். வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு 4 நாள் ஃப்ரீசரில் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்து, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். குளிர்ந்த பாக்கெட்டை உடனே பிரித்தால் காற்றின் ஈரம் மணியில் வேர்த்து, வண்டுக்குப் பதில் பூஞ்சை வரும். இரண்டு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவு வாங்கவே வேண்டாம்.

கே: தினமும் காலையில் கேழ்வரகுக் கஞ்சிதான் குடிக்கிறேன். சர்க்கரை குறையவில்லை, ஏறியிருக்கிறது. ஏமாற்றப்பட்டேனா?
– வாசகர், தாம்பரம்

ப: கஞ்சி ஏமாற்றியிருக்கிறது. தானியத்தின் பெயரைவிட அது என்ன உருவத்தில் வயிற்றுக்குப் போகிறது என்பதே இரத்தச் சர்க்கரையைத் தீர்மானிக்கிறது. முழு மணி மெதுவாகச் செரிக்கும். மாவாக்கி, தண்ணீரில் கரைத்து, கொதிக்கவைத்துக் குடித்தால் பாதிச் செரிமானம் அடுப்பிலேயே முடிந்துவிட்டது. மடமடவென்று ஏறத்தான் செய்யும். நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

கணக்கையும் பாருங்கள். 100 கிராமில் மாவுச்சத்து: தீட்டிய அரிசி சுமார் 78 கிராம், கேழ்வரகு 67, வரகு 66, கம்பு 62. வித்தியாசம் உண்டு, ஆனால் 'சிறுதானியம்தானே' என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் அந்த வித்தியாசம் போயே போச்சு. எடை குறைய வேண்டும் என்று சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். கலோரியில் அரிசிக்கும் இவற்றுக்கும் பெரிய இடைவெளி கிடையாது.

கஞ்சிக்குப் பதில் கேழ்வரகு அடையோ புட்டோ, கூடவே சுண்டலோ முட்டையோ வையுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒருநாள் கஞ்சிக்கும் ஒருநாள் அடைக்கும் சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். நாங்கள் சொல்வதைவிட அந்த எண் உங்களுக்கு அதிகம் சொல்லும். மாத்திரையின் அளவில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

கே: கம்பு மாவு வாங்கிப் பத்தே நாளில் கசக்கிறது. கலப்படமா?
– வாசகி, சேலம்

ப: கலப்படமில்லை, கம்பின் சுபாவம். அதில் கொழுப்பு 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல். கேழ்வரகில் 2 கிராம்தான். அரைத்தவுடன் மணிக்குள் தனித்தனியாக இருந்த எண்ணெயும் அதை உடைக்கும் நொதியும் ஒன்று சேர்ந்துவிடும். கசப்பும் ஒருவித எலி வாடையும் அதனால் வருவது. கடையில் பாக்கெட் மாவு வாங்கினால் அது ஏற்கெனவே எத்தனை நாள் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

கம்பை மணியாக வாங்குங்கள்; மாதக்கணக்கில் இருக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரைக்கும் முன் மணியைச் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுத்தால் அந்த நொதி அடங்கி இன்னும் சில நாள் தாங்கும். கருகவிட்டால் அது வேறு கசப்பு. சத்துமாவுக்குப் பத்துப் பன்னிரண்டு தானியம் சேர்த்து மொத்தமாக அரைப்பவர்கள் கம்பை மட்டும் விட்டுவிட்டு அரைப்பது நல்லது. முழு டப்பாவையும் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

கே: சோள ரொட்டி, கம்பு ரொட்டி தட்டினால் உடைந்துபோகிறது. கோதுமை கலக்காமல் முடியாதா?
– வாசகி, ஓசூர்

ப: முடியும். கோதுமையை இழுத்துப் பிடிக்கும் பசை, அதாவது குளூட்டன், இவற்றில் இல்லை. அந்த வேலையைக் கொதிநீர் செய்ய வேண்டும். மாவு 1 கப்புக்கு உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் முக்கால் கப் ஊற்றி, கரண்டியால் கிளறி, 10 நிமிடம் மூடிவையுங்கள். மாவின் ஒரு பகுதி வெந்து பசையாகும். பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 நிமிடம் தேய்த்துப் பிசையுங்கள். விரலால் பிசைந்தால் போதாது. வாழையிலையில் தட்டி, கல்லில் போட்டதும் மேல்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவுங்கள், அது காய்ந்த பிறகு திருப்புங்கள். ஓரம் இன்னும் வெடித்தால் மாவு பழசு. பழைய மாவை எந்த வித்தையும் ஒட்டவைக்காது, கூழாகக் காய்ச்சிவிடுங்கள்.

கே: சாமை இட்லி கல்லாகிறது, மாவு மறுநாளே புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிகிறது.
– வாசகி, புதுச்சேரி

ப: முழுச் சாமையில் தொடங்காதீர்கள். சாமை 2 கப், இட்லி அரிசி 2 கப், உளுந்து 1 கப், வெந்தயம் 1 ஸ்பூன். சாமையைத் தனியாக 4 மணி நேரம் ஊறவைத்து, ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். சின்ன மணி என்பதால் கிரைண்டரில் கண் இமைப்பதற்குள் விழுதாகிவிடும். விழுதானால் இட்லி களிதான். தண்ணீரையும் வழக்கத்தைவிடக் கால்பங்கு குறையுங்கள். கோடையில் 5, 6 மணி நேரத்தில் பொங்கிவிடும், எனவே சாயங்காலம் அரைத்து இரவு படுக்கும் முன் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை. மூன்றாம் நாளுக்கு அந்த மாவு வேண்டாம்.

கே: 'மல்டி மில்லட்' பிஸ்கட், நூடுல்ஸ் வாங்கிக் கொடுக்கிறேன். அதுவாவது பிள்ளைகளுக்குப் போகட்டுமே என்று.
– வாசகர், அம்பத்தூர்

ப: பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்திப் போட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதாவோ கோதுமை மாவோ, இரண்டாவது சர்க்கரையோ பாமாயிலோ என்றால் அது மைதா பிஸ்கட்தான். கேழ்வரகு வாசம் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை எடுத்துக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்றும் அச்சிட வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள்.

எத்தனை சதவீதம் இருந்தால் சரி? ஓர் அளவுகோல்: 2023 அக்டோபரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிறுதானிய மாவுக் கலவைகளுக்கு வரிச்சலுகை தந்தபோது எடையில் குறைந்தது 70 சதவீதம் சிறுதானியம் இருக்க வேண்டும் என்றது. நூடுல்ஸும் பிஸ்கட்டும் அந்தச் சலுகையில் வராதவை. ஆனாலும் 8 சதவீதம், 12 சதவீதம் போட்டுவிட்டுப் பெயரில் மட்டும் 'மில்லட்' என்று எழுதுகிறவர்களை எடைபோட அந்த எண் உதவும்.

கே: ஏழு மாதக் குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு வீட்டில் செய்தேன். கஞ்சி கெட்டியாகவே வரவில்லை, தண்ணீர் மாதிரி இருக்கிறது. எங்கே பிசகு?
– வாசகி, திருநெல்வேலி

ப: பிசகே இல்லை; மாவு அருமையாக வந்திருக்கிறது! முளைக்கும்போது மணியில் உண்டாகும் அமிலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால் கஞ்சி நீர்த்து வரும். குழந்தையின் வயிறு சின்னது. முளைகட்டாத மாவில் 2 ஸ்பூன் போட்டாலே கெட்டியாகிவிடும். இதில் 3, 4 ஸ்பூன் போட்டும் குழந்தை விழுங்கும் பதத்தில் இருக்கும். அதே கிண்ணத்தில் அதிகச் சத்து போகிறது. மாவைக் கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

செய்முறையை மற்றவர்களுக்காகவும் சொல்கிறோம். கேழ்வரகு அரை கிலோவைக் கல் அரித்து, 10 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி 24 மணி நேரம். இடையில் இரண்டு முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளை முளை ஓர் எள் நீளம் வந்ததும் நிறுத்துங்கள். நீளமாக வரட்டும் என்று இரண்டு மூன்று நாள் விட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும்; ஊசல் வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், கழுவிச் சமாளிக்க வேண்டாம். கடித்தால் 'டிக்' என்று உடையும்வரை காயவைத்து, சிறு தீயில் 5 நிமிடம் வறுத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்து, அரைத்துச் சலியுங்கள். சரியாகக் காயாத மணியை அரைத்தால் இரண்டாம் வாரமே கட்டி பிடிக்கும்.

கஞ்சிக்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைத் தூவினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாகக் கட்டி நிற்கும். 8 நிமிடம் கிளறிக் காய்ச்சுங்கள். ஒரு வயது ஆகும்வரை தேன் வேண்டாம்.

கே: 2024-ல் மத்தியப் பிரதேசத்தில் வரகு தின்று யானைகள் இறந்ததாகச் செய்தி வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் வரகுக்குத் தடை.
– வாசகர், வேலூர்

ப: செய்தி உண்மை. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் இறந்தன. உடல்களில் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நச்சு கண்டறியப்பட்டது. அது வரகில் இயல்பாக இருப்பதில்லை. கதிர் முற்றும் சமயம் மழையில் நனைந்தால் பிடிக்கும் சிலவகைப் பூஞ்சைகள் அதைச் சுரக்கின்றன. யானைகள் வயலில் நின்ற பயிரைக் கதிரோடு பெரும் அளவில் தின்றிருந்தன. மனிதர்களுக்கும் பூஞ்சை பிடித்த வரகால் தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வருவது பழைய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

நன்கு காய்ந்து, உமியும் மேல்தோலும் நீக்கிய வரகரிசிக்கு இந்தப் பயம் தேவையில்லை. நிறம் ஒரே சீராக இருக்கிறதா பாருங்கள். கருத்த மணிகளோ மண் வாடையோ மக்கிய வாடையோ இருந்தால் கழுவினாலும் வேகவைத்தாலும் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள். கிராமத்து உறவினர் உமியோடு கொடுத்த வரகு என்றால், அறுவடையில் மழை பெய்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

கே: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். சிறுதானியமே கூடாதாமே?
– வாசகி, ஈரோடு

ப: அந்தப் பேச்சு பெரும்பாலும் கம்பைப் பற்றியது. அதிலுள்ள சில பொருட்கள் தைராய்டு சுரப்பியின் வேலையில் குறுக்கிடலாம். அயோடின் பற்றாக்குறை இருந்து, மூன்று வேளையும் கம்பே உணவாக இருந்தால்தான் அது பெரிய விஷயம். அயோடின் உப்பு சேர்த்து, வாரத்தில் ஓரிரு முறை என்றால் பெரும்பாலோருக்குத் தடை இருக்காது. உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அவர் சொன்ன இடைவெளி விட்ட பிறகே எந்தச் சாப்பாடும். நார்ச்சத்தும் கால்சியமும் மாத்திரையை உடம்பு ஈர்ப்பதைக் குறைக்கும். கேழ்வரகில் இரண்டும் உண்டு.

கே: மாமியாருக்கு எழுபது வயது. "களி தின்னு கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த குடும்பம், திரும்ப அதையே தின்னச் சொல்றியா" என்கிறார். விருந்தாளி வந்தால் டப்பாவையே ஒளித்துவைக்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
– வாசகி, ஆவடி

ப: எதையும் சொல்லாதீர்கள். அவர் சொல்வதில் வரலாறு இருக்கிறது. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்றிருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளைச் சோறு என்பது ஜெயித்ததன் அடையாளம். 'ஜெயிலுக்குப் போனால் களி' என்று பேச்சு வழக்கே உள்ள ஊர் இது. அதன்மேல் இப்போது 'சுகர்காரர் சாப்பாடு' என்ற இரண்டாவது பெயரும் ஏறிக்கொண்டது. வறுமையின் பெயரும் நோயின் பெயரும் சேர்ந்த ஒன்றை யார் ஆசையாகச் சாப்பிடுவார்கள்? 'உடம்புக்கு நல்லது' என்று நீங்கள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது மருந்தாகிக்கொண்டே போகிறது.

அவர் தட்டில் கைவைக்காமல், அவருக்கே பிடித்த பழைய ருசியில் ஒன்றை அவரிடமே கேளுங்கள். கம்பங்கூழ் எப்படிக் கரைப்பது, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் எந்த அளவு என்று. சித்திரை வெயிலில் தெருமுனைக் கூழ் வண்டியில் கூட்டம் நிற்பதையும் ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழுக்கு வரிசை நிற்பதையும் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. விருந்தாளிக்குத் தினை மாவு உருண்டையோ சாமைப் பாயசமோ வைக்கலாம். இனிப்பாக வரும்போது அந்தக் கூச்சம் பாதி போய்விடும். மத்தியானச் சோற்றை மட்டும் அவருக்கு அரிசியாகவே விடுங்கள்.

கே: எட்டு மணி நேரம் ஊறவைக்காத சிறுதானியம் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– பல வாசகர்கள்

ப: விஷமில்லை. அரை மணி நேரம் ஊறினாலே சீராக வேகும். நெடுநேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால், இரும்பு, துத்தநாகம் முதலியவற்றைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் கொஞ்சம் குறையும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் இன்னும் குறையும். இரவே நினைவு வந்தால் ஊறவையுங்கள். காலையில்தான் நினைவு வந்தது என்றால் அரித்து, ஊறும் நேரத்தில் காய் நறுக்கிவிட்டு, அடுப்பில் ஏற்றுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வேளை மட்டும், தண்ணீரும் கூடவே கூட்டிக்கொண்டு சாப்பிட்டால் வயிற்று உப்புசம் என்ற அடுத்த கடிதம் எங்களுக்கு வராது.